பாவசங்கீர்த்தன மண்டபம்

எங்கள் பழைய கோயிலைச் சங்கீத சபாவுக்கு விடப்போகிறார்கள் என்று செய்தி வந்தபோது பங்கில் பாதிப் பேர் அழுதார்கள். நான் அழவில்லை. எனக்கு உள்ளுக்குள் குளுகுளுவென்று இருந்தது. அந்த வயதில் எனக்கு ஒரே ஆசைதான்: ஒரு மேடையில் உட்கார்ந்து முழுக் கச்சேரி ஒன்று பாட வேண்டும். திருச்சியில் நான் ஏறி இறங்காத சபா கிடையாது, ஒருவரும் மேடை தரவில்லை. இப்போது சபாவே எங்கள் கோயிலுக்குள் வருகிறது. கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்தது என்று நினைத்துக்கொண்டேன்.

வெளியூர்க்காரர்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். கத்தோலிக்கர்களான நாங்கள் சர்ச் என்பதைக் கோயில் என்றுதான் சொல்வோம், அதைச் சேர்ந்த ஜனங்களைப் பங்கு என்போம். இந்தப் பழைய கோயில் கண்டோன்மென்ட் பக்கம் இருந்தது. வெள்ளைக்காரன் தன் சிப்பாய்கள் பூசை காண்பதற்காகக் கட்டியது. சுவர் ஒவ்வொன்றும் ஒரு கட்டில் அகலம். சித்திரை வெயிலில் உள்ளே போனால் மண்பானைத் தண்ணீர் குடித்த மாதிரி இருக்கும். குறை ஒன்றுதான், இடம் போதாது. கிறிஸ்துமஸ் பூசைக்குப் பாதி ஜனம் ரோட்டில் நிற்கும். அதனால் எழுபதுகளின் நடுவில், அதே காம்பவுண்டுக்குள் பெரிதாக ஒரு புதுக் கோயில் கட்டினார்கள். முழுக்கக் கான்கிரீட். முகப்பைப் பார்த்தால் சினிமா தியேட்டர் தோற்றுப்போகும். உள்ளே நுழையும்போதெல்லாம் கை தானாக டிக்கெட் கவுண்டரைத் தேடுகிறது என்று அம்மா சொல்வாள். ஆக, தியேட்டர் மாதிரி இருந்தது கோயிலாகிவிட்டது, கோயில் மாதிரி இருந்தது பூட்டிக் கிடந்தது.

பழைய கோயிலில் நான் சிறுமியாக இருந்த நாளிலிருந்து பாடியிருக்கிறேன். ஆனால் எங்கே? வாசலுக்கு மேலே, ஹார்மோனியம் வைத்திருந்த மரமாடத்தில். பாடகர் குழு அங்கேதான் நிற்க வேண்டும். கீழே இருக்கிறவர்கள் எல்லோரும் பீடத்தைப் பார்த்து உட்கார்ந்திருப்பார்கள், நாங்கள் அவர்கள் முதுகைப் பார்த்துப் பாடுவோம். இத்தனை வருஷம் பாடியும் என் முகத்தை ஒருவரும் பார்த்ததில்லை. யார் யாருக்கு எப்போது தலையில் வழுக்கை விழ ஆரம்பித்தது என்பது மட்டும் எனக்கு நன்றாகத் தெரியும். பீடத்துக்கு முன்னால் ஒரு மரக் கிராதி உண்டு. பெண்கள் அதுவரைக்கும் போகலாம், முழங்காலில் நிற்கலாம், அப்பம் வாங்கலாம். தாண்டக் கூடாது.

கான்வென்ட் ஸ்கூலில் இருந்த பாட்டு டீச்சரிடம் கர்நாடக சங்கீதம் கற்றேன். பகலில் ஆபீசில் டைப் அடித்தேன். ரேடியோவில் பாட பி கிரேடு வாங்கியிருந்தேன். பாட்டு நன்றாக இருக்கிறது என்று எல்லாச் சபாவிலும் சொன்னார்கள். பெயரைக் கேட்டதும் கொஞ்சம் இருமினார்கள். பிறகு, அடுத்த சீசனில் பார்க்கலாம் என்றார்கள். அந்த இருமல் வராத சபாவே நான் பார்த்ததில்லை.

சபாவின் செயலாளர் ஸ்ரீரங்கத்துக்காரர். ரயில்வேயில் பெரிய வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், உத்தரவீதியில் வீடு. எங்கள் பக்கம் இரண்டு பேர் பேசினார்கள்: பங்குச் சாமியார் ஒருவர், பங்குப் பேரவைத் தலைவராக இருந்த டாக்டர் ஒருவர். சாமியார் நல்ல மனுஷர், யாரிடமும் முடியாது என்று சொல்லத் தெரியாது. அந்தக் குறையை நிரப்புவதற்கென்றே டாக்டர் இருந்தார்.

முதல் சந்திப்பே அழகாக ஆரம்பித்தது. நாளைக் காலை கோயிலில் சந்திக்கலாம் என்று செயலாளர் போனில் சொல்லியிருக்கிறார். ஸ்ரீரங்கத்து வைஷ்ணவர்களுக்குக் கோயில் என்றால் உலகத்தில் ஒரே கோயில்தான், அது ரங்கநாதர் கோயில். எங்களுக்கு இது. செயலாளர் அங்கே கோபுர வாசலில் வெயிலில் நின்றார், சாமியாரும் டாக்டரும் இங்கே பெஞ்சில் உட்கார்ந்து கொட்டாவி விட்டார்கள். மத்தியானம் வரை இரண்டு தரப்பும் காத்திருந்துவிட்டு, சொன்ன வாக்கைக் காப்பாற்றத் தெரியாத மனிதர்கள் என்று ஒருவரை ஒருவர் திட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள். ஒரே சொல்லைச் சொல்லி ஒருவரை ஒருவர் ஏமாற்றிக்கொள்வது அன்றைக்கு ஆரம்பித்தது.

இரண்டாம் தடவை செயலாளர் நேராக இங்கேயே வந்தார். பாட்டு தெரிந்த ஆள் ஒருத்தி கூட இருக்கட்டும் என்று சாமியார் என்னையும் வரச் சொல்லியிருந்தார். செயலாளர் செருப்பைக் கழற்றிவிட்டு, கால் கழுவத் தண்ணீர் கேட்டு, கழுவிக்கொண்டு உள்ளே வந்தார். எனக்கு அவரை அப்போதே பிடித்துவிட்டது என்பதை மறைக்க மாட்டேன். உள்ளே வந்தவர் சுவரில் காலியாக இருந்த மாடங்களைப் பார்த்தார். அங்கே இருந்த புனிதர்களின் சுரூபங்களைப் புதுக் கோயிலுக்கு எடுத்துக்கொண்டு போயாகிவிட்டது.

“எல்லாரையும் ஏளப் பண்ணியாச்சா, சுவாமி?” என்று சாமியாரிடம் கேட்டார். அவர்கள் பாஷையில் அதற்கு, தெய்வங்களை மரியாதையோடு வேறு இடத்துக்குக் கொண்டுபோயாயிற்றா என்று அர்த்தம். சாமியாருக்குப் புரியவில்லை, தலையை ஆட்டினார். போனவர்களில் மூலவர் யார், உற்சவர் யார் என்று அடுத்த கேள்வி வந்தது. அந்தோனியார் வருஷத்துக்கு ஒரு தடவை தேரில் போவார் என்று டாக்டர் யோசித்துச் சொன்னார். அப்படியானால் உற்சவர்தான் என்று செயலாளர் முடிவு செய்தார்.

பிறகுதான் அந்த மூலைக்கு வந்தோம். பக்கச் சுவரோரம் தேக்கு மரத்தில் ஒரு கூண்டு. நடுவில் சாமியார் உட்கார இடம், இரண்டு பக்கமும் சல்லடைத் தடுப்பு, முழங்காலில் நிற்க ஒரு பலகை. மேலே மரத்திலேயே செதுக்கியிருந்தது: பாவசங்கீர்த்தனம். செய்த பாவத்தைச் சாமியார் காதில் சொல்லி மன்னிப்புக் கேட்பதற்கு எங்களிடம் அதுதான் பெயர். நான் அந்தப் பலகையில் முழங்காலிட்டுச் சொன்ன பொய்களே ஒரு மூட்டை தேறும்.

செயலாளர் அதைப் படித்தார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு இன்னொரு தடவை படித்தார். அவர் முகம் மலர்ந்ததே ஒரு மலர்ச்சி, கல்யாண வீட்டில்கூட அப்படிப் பார்த்ததில்லை. ராக பாவம், பக்தி பாவம் என்று சங்கீதக்காரர்கள் உருகுவார்களே, அந்தப் பாவமும் செய்கிற பாவமும் தமிழ் எழுத்தில் ஒன்றுதான். சங்கீர்த்தனம் என்றால் அவர்களுக்குப் பாடுவது.

“பாவத்தோட சங்கீர்த்தனம் பண்றதுக்குன்னு தனியா ஒரு மண்டபமே வெச்சிருந்திருக்கேளே, சுவாமி. எங்காத்துப் பக்கம்கூட இப்படிக் கிடையாது” என்றார்.

சாமியார் வாயைத் திறந்தார். டாக்டர் அவர் அங்கியைப் பிடித்து இழுத்தார். கூரை ஒழுகுவதைச் சபா சரிசெய்து தருவதாகப் பேச்சு. நல்ல வார்த்தை சொல்கிறவரிடம் போய், ஐயா இது நாங்கள் செய்த அயோக்கியத்தனத்தையெல்லாம் ஒப்புக்கொள்கிற இடம் என்று எதற்குச் சொல்ல வேண்டும்? நான் சிரிப்பை அடக்கமுடியாமல் தூணுக்குப் பின்னால் போனேன்.

அடுத்த மாதம் வாசலில் போர்டு மாட்டினார்கள். பச்சைப் பெயிண்டில், மஞ்சள் எழுத்தில், பாவசங்கீர்த்தன மண்டபம். எங்கள் பங்கு ஜனங்கள் அந்த வழியாகப் போகும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டு வேகமாக நடந்தார்கள். லால்குடியிலிருந்து மகள் வீட்டுக்கு வந்த பெரியவர் ஒருவர் போர்டைப் பார்த்துவிட்டு, பாவத்துக்கென்று தனி மண்டபம் கட்டுகிற அளவுக்கா இந்த ஊர் கெட்டுப்போயிற்று என்று கேட்டாராம். பேரவைக் கூட்டத்தில் இதைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை.

நான் காலம் தாழ்த்தவில்லை. அம்மாவைக் கூட்டிக்கொண்டு ஒன்றாம் நம்பர் பஸ் ஏறி ஸ்ரீரங்கம் போய்ச் செயலாளர் வீட்டுக் கதவைத் தட்டினேன். அம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அப்பா சீக்கிரமே போய்விட்டார். அம்மா மலைக்கோட்டைப் பக்கம் ஒரு ஜவுளிக்கடையில் புடவை மடித்து வைக்கிற வேலை பார்த்து என்னை வளர்த்தாள். அவளுக்குச் சங்கீதம் தெரியாது. நான் பாடுகிறேன் என்பது மட்டும் தெரியும். பாட்டு கிளாஸ் விட்டு வருகிறவரைக்கும் வெளியே நின்று, வந்ததும், இன்னிக்கு டீச்சர் திட்டுனாங்களா என்று கேட்பாள். அவள் செய்கிற சங்கீத விமர்சனம் அவ்வளவுதான்.

செயலாளர் மரியாதையாக உட்கார வைத்தார். காபி வந்தது. பாடச் சொன்னார், பாடினேன். தொடையில் தாளம் போட்டுக்கொண்டு கண்ணை மூடிக் கேட்டார். முடித்ததும் கண்ணைத் திறந்தார். 

“குரல் தேன். சுருதி அப்படியே ஒட்டிண்டு நிக்கறது. ஆனா, பாவம் இல்லையே, குழந்தே” என்றார்.

எனக்கு முகம் செத்துவிட்டது. அம்மாவுக்கோ பெருமை தாங்கவில்லை. “பாவமே கிடையாதுங்க. வாரம் தவறாம பாவசங்கீர்த்தனம் பண்ணிடுறா” என்றாள்.

செயலாளர் என்னை வியப்போடு பார்த்தார். “வாராவாரம் பண்றாளா? அப்படியும் வரலையே” என்றார்.

அம்மா சிரித்த முகத்தோடு என்னைப் பார்த்தாள், நான் தரையைப் பார்த்தேன். அப்புறம் அவர் விளக்கினார். பெருமாளை நினைத்து மனசு உருகினால்தான் பாவம் வருமாம். நாங்கள் வேறு சம்பிரதாயமாம். எங்களைக் குறை சொல்லவில்லையாம். இருமலுக்குப் பதிலாக இந்த முறை விளக்கம் கிடைத்தது, அதுவே ஒரு முன்னேற்றம்தான். அர்த்தம் தெரியாத தெலுங்கில் சக்கைபோடு போடுகிற வித்வான்களுக்கெல்லாம் எங்கிருந்து பாவம் வருகிறது என்று நாக்கு நுனி வரை வந்தது. காபி குடித்த வீடு என்று விழுங்கினேன்.

ஆனால் வேறு வழியில் கதவு திறந்தது. திறப்பு விழாவில் பங்கின் சார்பில் ஒரு ஆள் மேடையில் இருந்தே ஆக வேண்டும் என்று டாக்டர் பிடிவாதம் பிடித்தார். இறைவணக்கம் பாட நம்ம பிள்ளை இருக்கிறாளே என்று சாமியார் சொன்னார். செயலாளரும் ஒத்துக்கொண்டார். ஐந்து நிமிஷம். நன்றாகப் பண்ணினால் மார்கழியில் ஒரு சாயங்காலக் கச்சேரி முழுசாகக் கொடுக்கலாம், யோசிக்கிறேன் என்று என்னிடமே சொன்னார். முழுக் கச்சேரி! இரண்டு ராத்திரி எனக்குத் தூக்கமில்லை.

இறைவணக்கம் யாருக்கு என்று முடிவு செய்யச் சாமியார் அறையில் கூட்டம் போட்டார்கள். இயேசுவைப் பாடக் கூடாது, ரசிகர்கள் எழுந்து போய்விடுவார்கள். பெருமாளைப் பாடக் கூடாது, பங்கு ஜனம் எழுந்து வந்துவிடும். பொதுவாக ஒரு பாட்டு வேண்டும். சாதாரணத் தமிழில் நாலு வரி நானே எழுதிக்கொண்டு போனேன். அதை அந்த மூன்று பேரும் அரிசியில் கல் பொறுக்குகிற மாதிரி பொறுக்கினார்கள். ஆண்டவா என்று ஆரம்பித்திருந்தேன். பழனியாண்டவர் என்றார் டாக்டர். முருகனுக்குப் போகிறதே என்று செயலாளரும் இழுத்தார். நாதா என்று மாற்றினேன். முன்னால் ரங்க என்று தானாக ஒட்டிக்கொள்ளும் என்று டாக்டர் கண்டுபிடித்தார். கர்த்தா என்றேன், அது பச்சையாக உங்கள் பக்கம் என்றார் செயலாளர். ஐயா என்றால் ஐயப்பன். ஜோதி என்றால் தீபாராதனை. அன்பே என்று போட்டுக்கொள்ளலாமே என்று சாமியார் ஆசையாகச் சொன்னார். சினிமா டூயட் மாதிரி இருக்கும் என்று இரண்டு பேரும் சேர்ந்து அடித்தார்கள்.

கடைசியில் தாளில் ஒரு வார்த்தையும் மிச்சமில்லை. அப்படியானால் வார்த்தையே வேண்டாம், வெறும் ஆலாபனை பாடட்டும் என்று சாமியார் சொன்னார். சரி என்றேன். ஆலாபனையை அடுத்து வருகிற தானமும் கொஞ்சம் பாடலாம், அனந்தம் அனந்தம் என்று வரும், அது பகவான் பெயரேதான் என்று செயலாளர் வாயைக் கொடுத்தார். டாக்டர் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். பெருமாள் படுத்திருக்கிற பாம்புதானே அது, பாம்பு எங்கள் வேதாகமத்தில் என்ன செய்தது தெரியுமா என்று ஏதேன் தோட்டத்திலிருந்து ஆரம்பித்தார். தானமும் போயிற்று. ஆ என்ற ஒரே எழுத்து தேறியது.

ராகம் என்ன என்று கேட்டார்கள். சங்கராபரணம் என்றேன். சங்கரனா என்றார் டாக்டர். நம் கோயிலில் கிறிஸ்துமஸ் பாட்டிலிருந்து அடக்கப் பாட்டு வரை வெள்ளைக்காரன் மெட்டில் பாடுவதில் முக்கால்வாசி அந்த ராகத்துச் சுரங்கள்தான், நீங்கள் சின்ன வயதிலிருந்து சங்கராபரணம்தான் பாடிக்கொண்டிருக்கிறீர்கள் என்று சொன்னேன். நான் அவருக்குத் தெரியாமல் அவர் நெற்றியில் திருநீறு பூசிவிட்டதைப் போலப் பார்த்தார். பேரைச் சொல்லாமல் பாடிவிடும்மா என்று சாமியார் கெஞ்சினார். ஆக, சொல் இல்லாத பாட்டு, பெயர் இல்லாத ராகம்.

வீட்டுக்கு வந்து சொன்னேன். அம்மா புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். “டாக்டர் வேற என்னத்தடி கேப்பாரு? ஆ காட்டச் சொல்லித்தானே அவருக்குப் பழக்கம்” என்றாள். நானும் சிரித்தேன். ஆனால் எனக்கு ரோஷமாக இருந்தது. அந்த ஐந்து நிமிஷம் என் மார்கழிக் கச்சேரிக்கு வாசல் என்பதால் மட்டும்தான் பல்லைக் கடித்துக்கொண்டு சம்மதித்தேன்.

திறப்பு விழா சாயங்காலம். பெஞ்சுகளை எடுத்துவிட்டு இரும்பு நாற்காலி போட்டிருந்தார்கள். பீடம் இருந்த இடத்தில் ஜமுக்காளம் விரித்து மேடை. குத்துவிளக்கா மெழுகுவர்த்தியா என்று ஒரு வாரம் நடந்த தகராறு, குத்துவிளக்கை மெழுகுவர்த்தியால் ஏற்றுவது என்று சமாதானம் ஆகியிருந்தது. முன்வரிசை முழுக்க பாஸ் வைத்திருந்த பெரிய மனிதர்கள். பாஸில் பாதி சபாவுக்கு, பாதி பங்குக்கு. பாடுகிறவளின் அம்மாவுக்கு ஒரு பாஸ் வேண்டும் என்று டாக்டரிடம் நான் கேட்டிருந்தேன். பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லியிருந்தார்.

செயலாளர் வரவேற்புரை ஆற்றினார். “நூறு வருஷத்துக்கு மேல இங்கே இடைவிடாமல் பாவசங்கீர்த்தனம் நடந்திருக்கிறது. அந்தப் பாவமெல்லாம் இந்தச் சுவர்களில் ஊறிப்போய்க் கிடக்கிறது. அதை நாமும் குறைவில்லாமல் தொடர வேண்டும்” என்று தழுதழுத்தார். சபாக்காரர்கள் கை தட்டினார்கள். எங்கள் பங்கு ஜனங்கள் ஒட்டுமொத்தமாகத் தரையைப் பார்த்தார்கள். டாக்டர் மட்டும் எல்லோரையும் விடப் பலமாகத் தட்டினார்.

பிறகு என்னைக் கூப்பிட்டார்கள். அந்தக் கிராதியைப் பிடுங்கவில்லை, நடுவில் மட்டும் வழிவிட்டு வைத்திருந்தார்கள். புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு தாண்டினேன். ஜமுக்காளத்தில் உட்கார்ந்து சுருதிப் பெட்டியை வைத்துக்கொண்டு நிமிர்ந்தேன். முதல் முறையாக அந்தக் கோயிலில் மனிதர்களுக்கு முதுகு அல்ல, முகம் இருந்தது. 

ஆவென்று ஆரம்பித்தேன். அந்தச் சுவர்கள் சத்தத்தைச் சட்டென்று விடாது. ஒரு சுரத்தை விட்டால் அது ஒரு சுற்று சுற்றிவிட்டுத்தான் அடங்கும். மாடத்திலிருந்து பாடிப் பழகியதால் அவசரப்படக் கூடாது என்று எனக்குத் தெரியும். மெதுவாகப் போனேன். நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. கண்ணைத் திறந்து வாசலைப் பார்த்தேன்.

அம்மா வாசலில் நின்றுகொண்டிருந்தாள். கடையிலிருந்து நேராக வந்திருக்கிறாள், தோளில் சாப்பாட்டுப் பை. நெஞ்சில் பேட்ஜ் குத்திய தொண்டர் ஒருவன் கையைக் குறுக்கே நீட்டி மறித்துக்கொண்டிருந்தான். அவன் எங்கள் தெருதான், எங்கள் வீட்டில் இட்லி தின்றவன்தான். பாஸ் இருக்கிறதா என்று கேட்கிறான், அவள் என்னைக் கை காட்டுகிறாள், அவன் முடியாது என்று தலையை ஆட்டுகிறான். அம்மா சண்டை போடவில்லை. வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு, முன்கால் விரலில் எக்கி, அவன் தோளுக்கு மேலே என்னைப் பார்த்தாள். பாட்டு கிளாசுக்கு வெளியே நின்றவள் இங்கேயும் வெளியேதான் நிற்கிறாள். 

மேல் சட்ஜத்தில் நின்றுகொண்டிருந்தேன். யோசித்துச் செய்யவில்லை. ஆவென்று திறந்திருந்த வாய் ஒரு தடவை மூடித் திறந்தது. அம்மா என்று வந்துவிட்டது. கோயில் முழுக்க அந்தச் சொல் சுற்றியது. அடங்குவதற்குள் இன்னொரு தடவை கூப்பிட்டேன். செயலாளர் கண்ணைத் திறந்தார். டாக்டர் கண்ணைத் திறந்தார். சாமியார் கண்ணை மூடிக்கொண்டார்.

என் அம்மாவுக்கு ராகம் தெரியாது. பிள்ளை கூப்பிட்டால் போக வேண்டும் என்று தெரியும். தொண்டன் கையைத் தட்டிவிட்டுவிட்டு, நடுவழியே, பெரிய மனிதர்களின் முழங்கால்களையெல்லாம் தாண்டி நேராகக் கிராதிக்கு வந்து நின்றாள். “என்னடி, தண்ணி வேணுமா?” என்றாள். மைக் அதையும் பிடித்து ஊருக்கெல்லாம் சொன்னது. பின்னால் சிரித்தார்கள். நான் கையால் உட்காரச் சொன்னேன். கிராதிப் படியிலேயே உட்கார்ந்து பையை மடியில் வைத்துக்கொண்டாள்.

அதற்கு மேல் நான் ஐந்து நிமிஷத்தைப் பற்றி நினைக்கவில்லை. அவளுக்குப் பாடினேன். செயலாளர் கையைக் காட்டினார், கடிகாரத்தைக் காட்டினார், கடைசியில் கும்பிட்டார். எல்லாம் தெரிந்தது. எனக்குப் பிறகு கச்சேரி செய்ய வந்திருந்த வித்வான் ஃபிளாஸ்க்கைக் கையில் பிடித்துக்கொண்டு ஓரமாகக் காத்திருந்ததும் தெரிந்தது. நிறுத்தவில்லை. ராகம் முடிகிற இடத்தில்தான் முடித்தேன். பின்னால் நின்றிருந்தவர்கள் கைதட்ட ஆரம்பித்து, முன்வரிசை கடைசியாகத் தட்டியது.

கச்சேரி முடிந்து வெளியே வந்ததும் செயலாளர் என்னிடம் வந்தார். கண் ஈரம். எனக்குப் பாவம் இல்லை என்று சொன்னதை வாபஸ் வாங்கிக்கொள்வதாகவும், தாயாரை நேரில் நிறுத்திக் காட்டிவிட்டதாகவும், மார்கழிக் கச்சேரி நிச்சயம் என்றும் சொன்னார். தாயார் என்றால் அவர்களுக்கு ரங்கநாயகி. பக்கத்தில் நின்ற சாமியாரும் கண்ணைத் துடைத்துக்கொண்டு, மாதாவை எவ்வளவு அழகாகக் கூப்பிட்டாய் மகளே என்றார். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் திரும்பிப் பார்த்தார்கள். டாக்டர் ஓடிவந்தார். மாதாவா, தாயாரா, வார்த்தையே கூடாது என்றுதானே பேச்சு என்று குரல் உயர்ந்தது. கடைசியில் மூன்று பேரும் என் பக்கம் திரும்பினார்கள். யாரைப் பாடினாய்?

மார்கழி என் கையில் இருந்தது. தாயார் என்று ஒரு பொய் சொல்லியிருந்தால் போதும். நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா முந்திக்கொண்டாள்.

“என்னையத்தாங்க கூப்பிட்டா. பாஸ் இல்லைன்னு உங்க பசங்க வாசல்ல நிறுத்திட்டாங்க. பாத்துட்டு எம் பொண்ணு கூப்பிட்டா, வந்தேன்.”

அம்மா சொன்னது உண்மை என்று நான் சொன்னேன். இரண்டு பேர் கண்ணிலும் இருந்த ஈரம் நான் பார்க்கப் பார்க்கக் காய்ந்தது. தேவலோகத்து அம்மா என்றால் அழுகை வருகிறது, ஜவுளிக்கடையில் புடவை மடிக்கிற அம்மா என்றால் வருவதில்லை. சபா மேடையில் குடும்ப விஷயத்தையெல்லாம் கொண்டுவருவதா என்றார் செயலாளர். கட்டுப்பாடு என்று ஒன்று வேண்டும் என்றார் டாக்டர். சாமியார் வழக்கம்போலத் தலையை ஆட்டினார். மாதக்கணக்கில் ஒரு வார்த்தையில்கூட ஒத்துப்போகாதவர்கள் அன்றைக்குத்தான் முதல் தடவையாக ஒத்துப்போனார்கள்: இனி இந்தப் பெண்ணுக்கு மேடை கிடையாது. அந்த மார்கழியும் வந்தது. சபா ஓடிய வரைக்கும், எண்பதுகளில் அது கலைகிற வரைக்கும், வந்த மார்கழி எதிலும் என் பெயர் இல்லை.

அன்று பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து அழுதுகொண்டே வந்தேன். கோபமும் துக்கமும் சேர்ந்த அழுகை. இனி யாரும் என்னைப் பாடக் கூப்பிட மாட்டார்கள், எல்லாம் போச்சு என்றேன். அம்மா பைக்குள் கையை விட்டு டிக்கெட்டுக்குச் சில்லறை தேடிக்கொண்டிருந்தாள். தேடி எடுத்து, கண்டக்டரிடம் கொடுத்து, டிக்கெட்டை வாங்கி மடித்து வைத்துக்கொண்ட பிறகுதான் பேசினாள்.

“சரி, விடு. நான் கேட்டுட்டேன்ல. இனிமே எவன் வந்து அதைத் திருப்பி வாங்கிக்கப் போறான்?”